அமாவாசை வார இறுதி: தொலைநோக்கி, டைனமோ றேடியோ, குளக்கட்டு. எதை எப்ப வைக்கலாம்?

வாய்க்காலடி எழுதியது:
வணக்கம். பங்குனி (மார்ச்) அமாவாசையை ஒட்டின சனி, ஞாயிறுக்கு ஒரு ஒழுங்கு போட வேணும். இரண்டு குடும்பம், எட்டு வயசிலயிருந்து பதினாலு வரைக்கும் நாலு பிள்ளையள், எழுபது தாண்டின அம்மம்மாவும் தாத்தாவும். தங்கிறது கிளிநொச்சி ரவுணில. கையில உள்ள சாமான்: 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள டொப்சோனியன் (நிலத்தில வைச்சுக் கையால திருப்பிற) தொலைநோக்கி, 25, 10 மி.மீ. கண்வில்லையள், 10×50 பைனாகுலர், கணினியில செருகி றேடியோ அலை பிடிக்கிற ஆர்.ரி.எல். எஸ்.டி.ஆர். டொங்கிள் ஒண்டு, டைனமோ பூட்டின பழைய சைக்கிள் ஒண்டு. இரவு வானம் எங்க பார்க்கிறது? பகலில பிள்ளையளுக்கு என்ன செய்யக் குடுக்கலாம்? போயா லீவோட வாற நீண்ட வார இறுதிக்குத் தள்ளினா நல்லமோ எண்டும் ஒரு யோசினை.

குளக்கட்டு எழுதியது:
போயாவுக்குத் தள்ளாதேங்கோ. எங்கட நாட்டில லீவு வாறதே முழுநிலவில. முழுநிலவு வெளிச்சத்தில நெபுலா (வானத்துப் புகைத்திட்டு), பால்வீதி ஒண்டும் எழும்பாது. சந்திரனைப் பார்க்கிறதுக்குக்கூட போயா சரிவராது. முழுநிலவில நிழல் விழாது, பள்ளங்கள் தட்டையாத் தெரியும். சந்திரன் பார்க்க வேணுமெண்டா வளர்பிறை ஆறு, ஏழு, எட்டாம் நாள்தான் நாள். அந்த நேரம் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில பள்ளங்களின்ர விளிம்பு கூராத் தெரியும். உங்கட அமாவாசைக் கணக்குச் சரி, மாத்தாதேங்கோ.

மாதமும் சரி. ஐப்பசியிலயிருந்து தை வரைக்கும் வாடைக்காத்தோட மழை, முகில். மாசி, பங்குனிதான் வன்னியில துப்பரவான வானம். வைகாசிக்குப் பிறகு சோழகம் புழுதியைக் கிளப்பும், அடிவானம் மங்கிப்போகும்.

இடம் இரணைமடுக் குளம். காரணம் திசை. குளத்தின்ர அணைக்கட்டு வடக்குப் பக்கம், தண்ணி தெற்கால விரிஞ்சு கிடக்கு. கட்டில நிண்டு தெற்கைப் பார்த்தா முன்னுக்கு மரமும் இல்லை, லைற்றும் இல்லை. கிளிநொச்சி ரவுண் வெளிச்சம் முதுகுப் பக்கம். நாங்கள் இருக்கிறது வடக்கு 9.3 பாகை அகலாங்கு. தெற்குச் சிலுவை உச்சிக்கு வந்தாலும் 20 பாகைதான் உயரும். அடிவானம் மறைச்ச இடத்தில நிண்டா அது போச்சு.

கட்டில இரவில நிக்கிறதெண்டா நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர குளத்து அலுவலகத்தில முதலே கேளுங்கோ. கிட்ட உள்ள பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ ஒரு சொல் சொல்லி வையுங்கோ. இருட்டுக்க ஒன்றேகால் மீற்றர் நீளத்தில குழாய் ஒண்டை நிமித்தி வைச்சா ஆரெண்டாலும் வந்து விசாரிப்பினம். வாறவருக்கு முதல் ஒரு பார்வை குடுத்தா விசாரணை அதோட முடியும்.

தண்ணிமுறிப்பு எழுதியது:
குளக்கட்டு அண்ணை சொன்ன திசை சரி. ஆனா சனி பின்னேரம் இரணைமடுக் கட்டு சனத்தால நிறைஞ்சு கிடக்கும், ஏழரை வரைக்கும் மோட்டார்சைக்கிள் லைற் கண்ணில அடிச்சுக்கொண்டே இருக்கும். கண் இருட்டுக்குப் பழக 20-30 நிமிசம் வேணும், ஒரு ஹெட்லைற் போதும் அதைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டு வர. சனம் கலையிற வரைக்கும் பிரகாசமான சாமான்களைப் பாருங்கோ, மங்கலானதை எட்டரைக்குப் பிறகு வையுங்கோ.

முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் இதைவிட இருட்டு, ஆனா பிள்ளையளோட இரவில வேண்டாம். யானை. எந்தக் குளமெண்டாலும் தண்ணி விளிம்பில இருந்து தள்ளியே நில்லுங்கோ, முதலை இருக்கு. புல்லுக்க கால் வைக்க முதல் ரோச் அடிச்சுப் பாருங்கோ, முத்திரைப் புடையன் இரவிலதான் நடமாடும். பாதை விட்டுப் பத்தைக்க இறங்க வேண்டாம். வெடிபொருள் அபாயப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்பரவான இடமெண்டு அர்த்தம் இல்லை.

வயசானாக்களுக்கு ஒரு விசயம். தெற்கு வானத்துச் சாமான் எல்லாம் பதிவாக் கிடக்கிறபடியால் கண்வில்லையும் பதிஞ்சு வரும், நிலத்தில இருந்து ஏறத்தாழ முக்கால் மீற்றர். அம்மம்மா சாதாரணக் கதிரையில இருந்துகொண்டே பார்க்கலாம். உச்சி வானத்துக்குத் திருப்பினா அது ஒன்றேகால் மீற்றர் கிட்டப் போகும், சின்னனுக்கு ஏறி நிக்க ஒரு ஸ்ரூல் வேணும். ஆகவே ஒழுங்கை வயசுப்படி பிரியுங்கோ: பெரியாக்கள் தெற்கு, பிள்ளையள் உச்சி.

கண்ணாடிக்காரன் எழுதியது:
எங்க போறதெண்டாலும் கிறவல் றோட்டில அரை மணித்தியாலம் குலுங்கினாக் கண்ணாடி நேர் விலகும். இருட்டின பிறகு நேராக்கப் பார்க்காதேங்கோ, பொழுது இருக்கேக்க செய்து முடியுங்கோ. லேசர் வாங்கத் தேவையில்லை. குவிப்பானின்ர (கண்வில்லை செருகிற குழல்) பிளாஸ்ரிக் மூடியில நட்ட நடுவில 2 மி.மீ. துளை போட்டாச் சரி.

குழாயைப் படுக்கையா வையுங்கோ. நிமித்தி வைச்சு வேலை செய்தா, கை தவறின திறப்பு நேரே பெரிய கண்ணாடியிலதான் விழும். துளையால பார்த்தா முதல் தெரிய வேண்டியது சின்னக் கண்ணாடிக்குள்ள பெரிய கண்ணாடியின்ர மூண்டு பிடிப்பானும். ஒண்டு மறைஞ்சா முன்பக்கத்து மூண்டு சின்னத் திருகாணியில ஒண்டை இளக்கிப்போட்டு எதிர்ப்பக்கத்தை இறுக்குங்கோ. இளக்காமல் இறுக்கினாத் தாங்கி வளையும். மூண்டும் தெரிஞ்ச பிறகு சின்னக் கண்ணாடியை விடுங்கோ. நூற்றுக்குத் தொண்ணூறு தரம் குழம்பிறது பெரிய கண்ணாடிதான்.

பின்பக்கம் ஆறு திருகாணி இருக்கும்: மூண்டு பூட்டு, மூண்டு சரிசெய்யிறது. பூட்டு மூண்டையும் இளக்கி, ஒராள் துளையால பார்க்க மற்றாள் பின்னால கால் சுற்றுக் கால் சுற்றாத் திருப்ப வேணும். பெரிய கண்ணாடியின்ர நடுவில ஒட்டியிருக்கிற வளையத்துக்குள்ள உங்கட துளையின்ர பிம்பம் வந்து உக்கார வேணும். பிறகு பூட்டுகளை மூண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. ஒண்டை முழுசா இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போனா எல்லாம் திரும்ப விலகும். ஆக்கள் பிழை விடுறது இந்தக் கடைசி இடத்திலதான்.

இருட்டினாப் பிறகு 10 மி.மீ. வில்லையில, அதாவது 120 மடங்கில, ஒரு நட்சத்திரத்தைக் குவியம் விலக்கிப் பாருங்கோ. நடுக் கறுப்பு நடுவிலேயே இருந்தாச் சரி, ஒரு பக்கம் ஒதுங்கினா இன்னும் கொஞ்சம் கிடக்கு.

இன்னொண்டு. பங்குனி வெயிலில மூடின வானுக்க கிடந்த குழாயை இறக்கின உடன பார்த்தா நட்சத்திரம் கொதிக்கும். பொழுது படேக்கயே வெளியில எடுத்து வையுங்கோ, முக்கால் மணித்தியாலம் போதும். மூடி போட்டபடி வையுங்கோ. சூரியன் இருக்கேக்க மூடியைக் கழட்டவே கூடாது, பக்கத்தில பூட்டியிருக்கிற சின்னத் தேடுகுழாய்க்கும் அதே சட்டம்.

முறிகண்டிச்சந்தி எழுதியது:
ஒரு கேள்வி. இதே காசுக்கு இக்குவற்றோரியல் தாங்கியோட ஒண்டு எடுத்தா, பூமி சுத்தச் சுத்தத் தானே பின்தொடருமே?

கண்ணாடிக்காரன் எழுதியது:
பார்க்கிறதுக்கு மட்டுமெண்டா வேண்டாம், தம்பி. அந்தத் தாங்கியின்ர அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேணும். எங்களுக்குத் துருவன் அடிவானத்துக்கு மேல 9 பாகைதான், பனங்கூடலுக்க மறைஞ்சு கிடக்கும். அச்சு கிட்டத்தட்டப் படுத்தபடி இருக்கிறதால எடைக்கல்லுத் தண்டு முக்காலியின்ர காலில முட்டும். சில தாங்கியள் 10 பாகைக்குக் கீழ இறங்கவே இறங்காது. நீண்ட நேரப் படம் எடுக்கிறதெண்டா வேற கதை.

பாலையடி எழுதியது:
பங்குனி நடுப்பகுதி அமாவாசை எண்டு வைச்சு நேரப்படி சொல்லுறன். ஒரு மணித்தியாலம் முந்தினாப் பிந்தினாக் குறை நினைக்காதேங்கோ. ஒவ்வொரு நாளும் நட்சத்திரம் நாலு நிமிசம் முந்தி வரும்.

ஏழரைக்குத் திருவாதிரை, மிருகசீரிடம் உள்ள வேடன் கூட்டம் உச்சிக்குக் கொஞ்சம் மேற்கால நிக்கும். இடைப்பட்டி மூண்டு நட்சத்திரத்துக்குக் கீழ தொங்கிற வாளின்ர நடுவில 25 மி.மீ. வில்லையை வையுங்கோ. சாம்பல் நிறத்தில செட்டை விரிச்ச மாதிரி ஒரு புகைத்திட்டு, அதுக்குள்ள நாலு சின்னப் புள்ளி. 10 மி.மீ.க்கு மாத்தினா நாலும் பிரிஞ்சு தெரியும். படத்தில பார்க்கிற சிவப்பு நிறம் வராது, பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி ஏமாந்துபோவினம்.

மேற்கில கார்த்திகைக் கூட்டம். இதுக்குத் தொலைநோக்கி வேண்டாம். உங்கட 25 மி.மீ. வில்லையில தெரியிறது ஒரு பாகை அகலம், கார்த்திகை அதைவிடப் பெரிசு. பைனாகுலர்தான் சரி. ஒன்பது மணிக்கு உச்சியில பூசத்துக்குப் பக்கத்தில ஒரு தேன்கூட்டுக் கொத்து இருக்கு, அதுக்கும் பைனாகுலர்தான். பாயில மலந்து படுத்துப் பாருங்கோ. டொப்சோனியன் நேர் உச்சிக்குப் போனாத் திருப்ப மல்லுக்கட்டும்.

தெற்கில ஏழரைக்கே அகத்தியர் நிக்கும், 27 பாகை உயரத்தில, தண்ணிக்கு மேல. வானத்தில சிரியசுக்கு அடுத்த பிரகாசம் அதுதான். பத்தரைக்குப் பிறகுதான் விருந்து. கரீனா நெபுலா தெற்கில 20 பாகையில. அதுக்கு இடப்பக்கம் சிலுவை சரிஞ்சபடி 15 பாகையில. பதினொண்டுக்குத் தென்கிழக்கில ஒமேகா செந்தோரி கொத்து. வெறுங்கண்ணுக்கு மங்கின நட்சத்திரம் ஒண்டு மாதிரித்தான், 48 மடங்கில பார்த்தா ரவை கொட்டின மாதிரி நிறைஞ்சு கிடக்கும். வடக்கு ஐரோப்பாவில உள்ள சனம் இதைப் பார்க்க விமானம் ஏறி வர வேணும்.

தாத்தா அம்மம்மாவுக்கு அருந்ததி காட்டுங்கோ. கலியாணத்தில ஐயர் பட்டப்பகலில கையை நீட்டிக் காட்டுறதைத் தலையாட்டிப் பார்த்த ஆக்கள்தானே. பத்து மணிக்கு வடகிழக்கில 25 பாகை உயரத்தில வசிட்டர். கண் நல்லாயிருந்தா பக்கத்தில அருந்ததி வெறுங்கண்ணுக்கே தெரியும், பைனாகுலரில எல்லாருக்கும் தெரியும். தொலைநோக்கியை 120 மடங்கில வைச்சா வசிட்டரே இரண்டாப் பிரியும்.

தண்ணிமுறிப்பு எழுதியது:
பனி பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. குளக்கரையில பத்து மணிக்குப் பிறகு ஈரம் இறங்கும். பெரிய கண்ணாடி குழாயின்ர அடியில இருக்கிறதால தப்பும், முதலில மங்கிறது தேடுகுழாயும் கண்வில்லையும், பிறகு சின்னக் கண்ணாடி. யோகாப் பாய் ஒண்டைக் குழாய் வாயைச் சுத்தி 25 செ.மீ. வெளியில நீட்டிற மாதிரிச் சுருட்டிக் கட்டுங்கோ. பாவிக்காத வில்லை காற்சட்டைப் பைக்க இருக்கட்டும், உடம்புச் சூட்டில ஈரம் பிடியாது. மங்கினா லேஞ்சியால துடைக்காதேங்கோ, தூசோட சேர்த்து உரஞ்சும்.

நுளம்புத்திரி தொலைநோக்கிக்குக் காத்து அடிக்கிற பக்கம் வேண்டாம், புகை வில்லையில படியும். கைகாலுக்கு எண்ணெய் பூசினா அந்தக் கையால வில்லை தொடக்கூடாது. நீட்டுக்கைச் சேட்டுத்தான் நல்லம். ரோச் கண்ணாடிக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு, அல்லது சைக்கிள் பின்லைற்.

அலைவரிசை எழுதியது:
பகல் வேலைக்கு டைனமோ றேடியோவை வையுங்கோ. பொருளாதாரத் தடை நேரம் வன்னியில சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிகட்டையைக் கையால சுத்தித்தான் செய்தி கேட்டது. தாத்தாவுக்குச் செய்முறை விளக்கம் தேவைப்படாது, அவரே வாத்தியாரா இருக்கட்டும். அந்த நேரம் இல்லாத இரண்டு பாகம் சேர்த்தா றேடியோ எரியாமல் தப்பும்.

போத்தல் டைனமோ 6 வோல்ற், 3 வோற்று, ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நாலு டயோட்டால பாலம் கட்டுங்கோ. 1என்4007 காணும், 1என்5819 போட்டா மெதுவா மிதிக்கேக்கயும் வேலை செய்யும், ஆனா அது 40 வோல்ற்றுக்கு மேல தாங்காது. பாலத்துக்குப் பிறகு 2200 மைக்ரோபரட் கொள்ளளவி. 25 வோல்ற் வாங்காதேங்கோ, 50 வோல்ற் வாங்குங்கோ. காரணம், சுமை இல்லாமல் வேகமாச் சுத்தினா டைனமோ 30 வோல்ற்றையும் தாண்டும். முன்லைற் பல்பைக் கழட்டாமல் டைனமோவோட பூட்டினபடியே விடுங்கோ, அது மிச்சத்தைக் குடிக்கும். பல்பு சுட்டுப்போச்செண்டா வோல்ற் ஏறும், அதுக்குத்தான் 50.

இரண்டு பென் பற்றறி றேடியோவுக்கு 3 வோல்ற் வேணும். வோல்ற்றைச் சீராக்கிற எல்.எம்.317 ஒண்டு, அதின்ர வெளிக்காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையில 240 ஓம், சரிசெய் காலுக்கும் மறைக்கும் இடையில 330 ஓம். கணக்குப்படி 2.97 வோல்ற் வரும்.

எல்லாரும் மாட்டுப்படுற இடம் இது: டைனமோவின்ர ஒரு முனை அதின்ர உடம்பாலேயே சைக்கிள் சட்டத்தோட தொடுத்திருக்கும். பாலத்துக்குப் பிறகு வாற மறை முனை சட்டம் இல்லை. மறை வயரைச் சட்டத்தில முட்டவிட்டா ஒரு டயோட்டு குறுக்காகும், அரை அலைதான் மிஞ்சும், டயோட்டும் கொதிக்கும். சுற்றுப்பலகையை பிளாஸ்ரிக் பெட்டிக்க போட்டு இரண்டு வயரையும் தனியா எடுங்கோ. மத்திய அலையில கிர்ரெண்டு இரைஞ்சா ஒவ்வொரு டயோட்டுக்கும் குறுக்கால 104 (0.1 மைக்ரோபரட்) கொள்ளளவி ஒண்டு. மிதிக்கிறதை விட்டா றேடியோவும் உடன நிண்டுபோகும், ஆகவே நாலு பிள்ளையளுக்கும் முறை வரும்.

முறிகண்டிச்சந்தி எழுதியது:
டொங்கிளில நோவா வானிலைச் செய்மதிப் படம் எடுக்கலாமே? 137 மெகா ஹேர்ட்சில லேசா வருமெண்டு வாசிச்சன்.

அலைவரிசை எழுதியது:
பழைய வழிகாட்டியை வாசிச்சிருக்கிறியள். நோவா 15, 18, 19 மூண்டும் 2025இல நிறுத்தியாச்சு. இப்ப ரஷ்யாவின்ர மெற்றியோர் எம்2-3, எம்2-4தான், 137.9 மெகா ஹேர்ட்ஸ், இலக்கமுறை. சற்டம்ப் மென்பொருளில மெற்றியோர் எல்.ஆர்.பி.ரி. 72கே எண்டதைத் தெரிவு செய்யுங்கோ.

அன்ரனாவுக்கு வீட்டு வயறிங் செப்புக்கம்பி 53.4 செ.மீ.யில இரண்டு. சொக்கற் கட்டையில பூட்டி, இரண்டுக்கும் இடையில 120 பாகை வாற மாதிரி வி வடிவில பி.வி.சி. குழாயில படுக்கையாக் கட்டுங்கோ. ஒரு கம்பிக்குக் கேபிளின்ர நடுக்கம்பி, மற்றதுக்குப் பின்னல். ரீ.வி. கேபிள் போதும். வி-யின்ர வாய் வடக்கை அல்லது தெற்கைப் பார்க்க வேணும், ஏனெண்டா இந்தச் செய்மதியள் துருவத்துக்குத் துருவம் ஓடுறது. ஆள் உயரம் காணும்.

செய்மதி எங்கட வானத்தைக் கடக்கிற நேரத்தைச் செயலியில பார்த்து, 40 பாகைக்கு மேல உயருறதை மட்டும் பிடியுங்கோ. பத்துப் பன்னிரண்டு நிமிசம் கிடைக்கும். பகல் கடப்பில இந்தியக் கரை, மன்னார் தீவு, இடையில மணல் திட்டுகள் எல்லாம் வரும். ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கு, இரணைமடு சில புள்ளிதான். எல்.இ.டி. பல்பு, சோலர் இன்வேட்டர், யானை வேலிப் பெட்டி இதுகளுக்குக் கிட்ட அன்ரனாவை வைக்காதேங்கோ. வேலிக்கம்பியில செடி முட்டிக்கொண்டிருந்தா செக்கனுக்கு ஒரு டிக் எண்டு பொறி பறக்கும், இரைச்சலும் வரும். கேக்கிறது மட்டும்தான். அனுப்பிறதெண்டா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும்.

பாலையடி எழுதியது:
பறவை பார்க்கிறதெண்டா சுண்டிக்குளம். பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 றோட்டில இருந்து வடக்கால இறங்க வேணும். 1938இல சரணாலயம், 2015இல தேசியப் பூங்கா ஆக்கினவை. பூநாரைக்கு உத்தரவாதம் இல்லை. களப்பில தண்ணி முழங்காலுக்கு மேல எண்டா அதுக்கு மேய ஏலாது, முழுக்க வத்தினாலும் போயிடும். வத்திக்கொண்டு வாற பங்குனி நல்ல காலம்தான். ஆறேகாலுக்கு அங்க நிக்க வேணும். எட்டரைக்குப் பிறகு கானல் எழும்பி 10 மடங்கு பைனாகுலரில எல்லாம் நடுங்கும்.

பாலைப்பழம் இப்ப இல்லை, வைகாசி ஆனியிலதான். பழக்காலத்தில பாலைமரத்தடிக்குக் கரடியும் வரும், சத்தம் போட்டுக்கொண்டே போங்கோ.

வாய்க்காலடி எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. சனி டைனமோ, இரவு இரணைமடு, ஞாயிறு விடியச் சுண்டிக்குளம், பின்னேரம் செய்மதி. சரியோ? நிழல் இல்லாத நாளையும் சேர்க்கலாமெண்டு மூத்தவள் கேக்கிறாள்.

தண்ணிமுறிப்பு எழுதியது:
சரியில்லை. சனி இரவு பன்னிரண்டுக்கு வந்து படுத்த பிள்ளையளை ஞாயிறு நாலரைக்கு எழுப்பினா அழுகைதான் மிஞ்சும். சுண்டிக்குளத்தைச் சனி விடியலுக்கு மாத்துங்கோ. வந்து சாப்பிட்டு எல்லாரும் மத்தியானம் நித்திரை. பின்னேரம் நாலரைக்குக் கண்ணாடி நேராக்கல், இரவு வானம். ஞாயிறு எழும்பிறது எத்தினை மணியெண்டாலும் சரி, டைனமோவும் செய்மதியும் வீட்டு முற்றத்திலதானே.

குளக்கட்டு எழுதியது:
நிழல் இல்லாத நாள் பங்குனியில வராது. கிளிநொச்சிக்கு அது சித்திரை (ஏப்ரல்) 13, 14, வருசப்பிறப்போட. மத்தியானம் 12.09 அளவில சூரியன் நேர் உச்சி. ஒரு மீற்றர் தடியைத் தூக்குக்குண்டு பிடிச்சு நேரா நட வேணும். ஒரு நாள் முந்தினாப் பிந்தினா 6 மி.மீ. நிழல்தான் வித்தியாசம், தடி சரிஞ்சா அதைவிடக் கூட வரும். வவுனியாவில இரண்டு நாள் முந்தி வரும். தவறினா ஆவணி (ஓகஸ்ட்) கடைசியில இன்னொரு தரம் இருக்கு.

முறிகண்டிச்சந்தி எழுதியது:
எல்.எம்.317இல எந்தக் கால் எது? கடையில தந்த பையில ஒண்டும் எழுதேல்லை.

அலைவரிசை எழுதியது:
எழுத்து உங்களைப் பார்க்க, கால் மூண்டும் கீழ் நோக்கப் பிடியுங்கோ. இடமிருந்து வலம்: சரிசெய், வெளி, உள். பின்னால உள்ள உலோகத் தகடு வெளிக்காலோட தொடுப்பு, அதையும் சைக்கிள் சட்டத்தில முட்டவிடக்கூடாது.